மேலக்காவின் மத்தியானச் சாப்பாடு

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான்: மேலக்கா. மேலே இருக்கிற அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார். டவர் கிரேன் ஓட்டுகிறவள். நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், குளியலறை அளவுகூட இல்லாத ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் காலை ஆறு மணிக்கு ஏறி உட்கார்ந்தால் மாலை நாலுக்குத்தான் இறங்குவாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. கீழே இருப்பவர்களுக்கு அவள் முகம் தெரியாது, வாக்கிடாக்கியில் குரல்தான் தெரியும். "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் கம்பிக் கட்டும் நிற்கும், மனுஷனும் நிற்பான்.

இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறவள் வீட்டில் எப்படி என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

வீட்டில் சமையல் அவள் கணவர். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்ட கை. வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு ஆக்கச் சொன்னால் அந்தக் கைக்கு எப்படி வரும்? ஆறு பேருக்கு ஆக்குவார். ஆக்கியதில் முக்கால்வாசியை மேலக்கா தட்டில் வைப்பார். அவளும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாள். வாக்கிடாக்கியில் அத்தனை பேரை நிறுத்துகிற வாய்க்கு, சொந்தத் தட்டின் முன்னால் "போதுங்க" என்று சொல்ல வராது.

சாப்பிட்டாள் என்று நான் சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். உண்மையில் ஒரு நாள் முழுவதையும் ஒரே உட்காரலில் வசூல் செய்வாள். காரணம் இருக்கிறது. கிரேன் கூண்டில் கழிப்பறை கிடையாது. ஏணியில் இறங்கி மறுபடி ஏறி வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் கீழே முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதற்கு வம்பு என்று மேலக்கா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் ஒரு வாய் கறுப்புக் காப்பி. மத்தியானம் பட்டினி. தண்ணீர் தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும். கிரேன் ஓட்டுகிற ஆட்கள் நிறையப் பேர் செய்கிற தப்புதான் இது. ஆனால் இவள் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, கட்டுப்பாடு என்று நினைத்தாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். மேசையில் மலையாகச் சோறு, பருப்பு, பொரித்த உருளைக்கிழங்கு, மூன்று முட்டை, கடைசியில் பாலில் வேகவைத்த ஏதாவது ஒரு இனிப்பு. எதிரில் சமையல்காரர், கையில் கரண்டியோடு.

இப்படிப் பத்தொன்பது வருஷம் ஓடியதில் அவள் சுற்றளவு கூடிக்கொண்டே போனது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்த வருஷ உடல் பரிசோதனையில்தான் வினை வந்தது. ஏணியில் ஏறுகிறவர்கள் மாட்டுகிற பாதுகாப்புப் பெல்ட் நூறு கிலோ வரைதான் தாங்கும் என்று கம்பெனி புது விதி போட்டிருந்தது. பூட்ஸ், கருவிப் பை எல்லாம் சேர்த்து நூறு. மேலக்கா எடை மேடையில் ஏறினாள். நூற்றாறு.

வேலையிடத்து நர்ஸம்மா எதையும் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. "மூணு மாசம் டைம் வாங்கித் தரேன். அதுக்குள்ள நூறுக்குக் கீழ வரணும். வரலைன்னா ஸ்டோர் ரூம் வேலைதான். மேலே ஏற விட மாட்டாங்க" என்றார்.

ஸ்டோர் ரூமில் ஆணியும் நட்டும் எண்ணிக்கொண்டு உட்காருவதா? விடியற்காலையில் அந்தக் கூண்டிலிருந்து சூரியனை முதலில் பார்க்கிற ஆள் அவள். அது போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பகல்ல ஒண்ணுமே சாப்பிடுறதில்ல நர்ஸம்மா. இனிமே காப்பியையும் விட்டுடறேன்."

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அதாம்மா கெடுக்குது. பகல் பூரா வயித்தைக் காயப்போட்டா, சாயந்திரம் கை எப்படி நிக்கும்? ஒரே வேளையில ரெண்டாயிரத்து அறுநூறு கலோரி உள்ள போகுது. ஒரு நாளைக்கு மொத்தம் ஆயிரத்து எண்ணூறு போதும். அதைப் பிரிச்சு வைங்க. காலையில ஐநூறு. பத்தரைக்கு ஒரு நூத்தம்பது, ஒரு பழமும் கொஞ்சம் கடலையும். மத்தியானம் அறுநூத்தம்பது. சாயந்திரம் ஐநூறு. அப்போ பசி உங்களை ஆட்டாது, நீங்க பசியை ஆட்டலாம். தண்ணியும் நல்லா குடிக்கணும்."

"தண்ணி குடிச்சா இறங்கணுமே."

"இறங்குங்க. நான் எஞ்சினியர்கிட்ட பேசிக்கறேன்."

பேசினார். பத்தரைக்கு ஒரு தரம் இறங்கி ஏற அனுமதி கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வழி பிறந்தது. கீழே நின்று சைகை காட்டுகிற சிக்னல் அண்ணன், சாப்பாட்டுப் பையை ஒரு நைலான் கயிற்றில் கட்டி விடுவார். மேலக்கா மேலிருந்து கையால் இழுத்துக்கொள்வாள். ஊருக்கே பாரம் தூக்குகிறவள் தன் சாப்பாட்டைத் தானே தூக்கிக்கொள்ளட்டும் என்று அண்ணன் கிண்டல் பண்ணினார்.

மேலக்காவுக்கு நர்ஸம்மா சொன்ன கணக்கு சட்டென்று பிடிபட்டது. அவள் வேலையிலும் இதே கதைதான். மூன்று டன் பாரத்தைக் கிரேனின் உடம்புக்குப் பக்கத்தில் வைத்தால் அலுங்காமல் தூக்கும். அதே மூன்று டன்னைக் கையின் நுனிக்குத் தள்ளினால் அலாரம் அலறும். தான் இத்தனை வருஷமும் ஒரு நாளின் மொத்தப் பாரத்தையும் நுனியிலேயே தொங்கவிட்டிருக்கிறோம் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் நர்ஸம்மா எழுதித் தந்த சாப்பாட்டுச் சீட்டைச் சமையல்காரரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காலையிலும் மத்தியானமும் ஆக்கிப் போடலாம் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறதே! மறுநாள் நாலரைக்கே அடுப்பு எரிந்தது. காலையில் முட்டையும் ரொட்டியும். மத்தியானத்துக்குச் சோறு, பருப்பு, காய், ஒரு துண்டு மீன். சாயந்திரம் வந்து பார்த்தால் மேசையில் பழைய மலை அப்படியே இருந்தது. பங்கு போடச் சொன்னால் மனுஷன் கூட்டிப் போட்டிருந்தார்.

மேலக்கா அதையும் சாப்பிட்டாள். என்ன செய்வது, முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. இரண்டு வாரம் கழித்து எடை மேடையில் ஏறினாள். நூற்றேழரை.

நர்ஸம்மா எடைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயந்திரத்துத் தட்டு யார் கையில இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மேலக்காவுக்கு முகம் சுண்டிப்போனது.

அன்று வீட்டில் சமையல்காரர் இரண்டாவது கரண்டியை எடுத்தபோது தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை.

"வேண்டாங்க. போதும்."

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு. அதான் கஷ்டமே. இப்படியே போனா என்னை மேலே ஏற விட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. அவர் அதைச் சட்டியில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியும்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏற விடலைன்னா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

மேலக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வேணும்னு போடல. சத்தியமா. ஆனா போடும்போது ஒரு மூலையில அந்த நெனப்பு இருந்துச்சு. பத்தொன்பது வருஷமா, காத்து கொஞ்சம் பலமா அடிச்சா பள்ளிக்கூடத்துல எனக்குக் கை ஓடாது. அடுப்பைப் பாக்குறதா, ஜன்னலைப் பாக்குறதா? சாயந்திரம் நீ வந்து இதே நாற்காலியில உக்காந்து சாப்பிட்டாத்தான் நீ முழுசா இறங்கிட்டேன்னு மனசு நம்பும். நீ ஒரு வாய் கூடச் சாப்பிட்டா இன்னும் கொஞ்சம் நம்பும்."

இப்படி ஒரு மனுஷன்! பயத்தை எல்லாம் சோறாக்கிப் போட்டிருக்கிறார், அவளும் அது ஆசை என்றே நினைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். மேலக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் தண்ணீர்க் குவளையை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இறங்கிடுவியோன்னு பயம். நீ மேலே இருக்குறதுதான் உனக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டு பக்கமும் பயந்துகொண்டு நடுவில் கரண்டியைப் பிடித்திருந்த அந்த ஆளை என்ன சொல்லித் திட்டுவது? அவள் திட்டவில்லை. எழுந்து போய் அவர் தலைமயிரை ஒரு தரம் கலைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மத்தியானம் பன்னெண்டேகாலுக்கு, வேலை நிக்கிற நேரத்துல உங்களுக்கு போன் பண்றேன். மேலேயிருந்து. சாப்பிட்டேன்னு சொல்றேன். சாயந்திரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பன்னிரண்டேகாலுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் போன் அடிக்கும். சுற்றிலும் தட்டுச் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் காதைப் பிளக்கும். அதற்கு நடுவில் அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "என்ன சாப்பிட்டே, முழுசா சாப்பிட்டியா, மீதி வெச்சியா" என்று விசாரிப்பார். சாயந்திரத் தட்டு சிறியதானது. வீட்டில் இருந்த பெரிய சட்டியை அவரே துடைத்துப் பரண்மேல் ஏற்றினார். ஒரு நாள் உருளைக்கிழங்கு பொரித்துவிட்டு, அவளிடம் காட்டாமல் தானே முழுவதையும் தின்று தீர்த்து, அஜீரணத்தோடு படுத்தார். அதைப் பற்றி இங்கே நான் அதிகம் சொல்லக்கூடாது. அவரும் பாவம்.

சாப்பாடு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுவதால் சாயந்திரங்களில் நிறைய நேரம் மிச்சமானது. முதல் சில நாள் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பிறகு நடக்கப் போனார்கள். தெருக்கோடிவரை, அப்புறம் பாலம்வரை. எடை நூற்றைந்து, நூற்று மூன்று என்று இறங்கியது. ஒரு வாரம் இறங்காமல் அடம்பிடித்தது. மேலக்கா பயந்துபோய் மத்தியானத்தைக் குறைக்கலாமா என்று கேட்டாள். நர்ஸம்மா கண்ணை உருட்டியதும் கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிகிற அன்று காலை எட்டு மணிக்குப் பரிசோதனை. முந்தின வாரம் நூறு கிலோவும் இருநூறு கிராமும் காட்டியிருந்ததால் யாராலும் எதையும் சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது சமையல்காரர் வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்தார். "போய்ட்டு வா" என்றார். அவர் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பூட்ஸோடு, கருவிப் பையோடு எடை மேடையில் ஏறினாள். நர்ஸம்மா குனிந்து பார்த்தார். "தொண்ணூத்தொன்பது கிலோ நூறு கிராம்." எழுதினார், கையெழுத்துப் போட்டார். "ஏறுங்க, மேலக்கா" என்றார். அவர் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான்.

ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கவில்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வேலை நின்றது. சிக்னல் அண்ணன் பையைக் கட்டிவிட்டார், மேலக்கா இழுத்துக்கொண்டாள். டப்பாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே எந்தப் பொருளும் கட்டாமல் இருக்கக்கூடாது என்பது கிரேன் விதி. கை தவறி ஒரு கரண்டி விழுந்தால்கூடக் கீழே ஒருவன் தலை போகும். அதனால் இத்தனை நாளும் கரண்டி வேண்டாம் என்று கையால் சாப்பிட்டு வந்தாள், அதை ஒரு நாள் போனில் அவரிடம் சொல்லியும் இருந்தாள். இன்று டப்பாவின் பிடியில் ஒரு கரண்டி தொங்கியது. பள்ளிக்கூடத்து அரிசி மூட்டை கட்டுகிற வெள்ளை நூலால், அவிழாதபடி மூன்று முடிச்சு. அதிகாலையில் போட்ட முடிச்சு அது. அப்போது நூறா தொண்ணூற்றொன்பதா என்று யாருக்குமே தெரியாது.

அவள் போன் பண்ணினாள். முதல் மணியிலேயே எடுத்தார். எத்தனை கிலோ என்று அவர் கேட்கவே இல்லை.

"காத்துச் சத்தம் கேக்குது" என்றார். "முடிச்சு அவிழலையே?"

"அவிழலைங்க."

"அப்போ சாப்பிடு."