நாற்பத்திரண்டு தப்படி

வழக்குரைஞர்கள் வாதாடும்போது என் தம்பி அசாஹேல் ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருப்பான். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக மேசையில் இறங்கும். நடுவில் அறுந்துவிட்டால் கத்தியைக் கீழே வைத்து, "கடைசியா சொன்னதை இன்னொரு தடவ சொல்லுங்க" என்பான். அறுந்ததற்குக் காரணம் கத்தியா, வாதமா என்பது இந்த மாவட்டத்தில் ஒரு வழக்குரைஞருக்கும் இதுவரை தெரியாது.

சுதந்திரப் போரில் துப்பாக்கி தூக்கியவன். இரண்டு முறை எங்கள் மலை மாநிலத்தின் ஆளுநர், இப்போது நீதிபதி. வயது ஐம்பத்து மூன்று, எனக்கு ஆறு வயது இளையவன். பள்ளிக்கூடம் போனது மூன்று குளிர்காலம் மட்டும். ஆளுநராக இருந்தபோதும் ஹார்லோ ஊர்ப் பண்ணையை விட்டு அதிகம் நகரவில்லை. அரசாங்கக் காகிதங்களில் கையெழுத்திட்டது எங்கள் அடுக்களை மேசையில், அவரை விதை வேகும் பானைக்குப் பக்கத்தில்தான்.

ஒருமுறை பாஸ்டனிலிருந்து ஒரு கனவான் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தவனிடம், "கவர்னர் எங்கப்பா?" என்று கேட்டார்.

"அந்த மசகுச் சட்டிய இப்படித் தள்ளுங்க. வரச் சொல்றேன்."

வேலையை முடித்து, உள்ளே போய்க் கைகழுவி, கறுப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "வந்துட்டேன் ஐயா, சொல்லுங்க." கனவானின் கையுறையெல்லாம் மசகு. அதற்குச் சோப்பு கொடுத்தது நான்.

சென்ற மார்ச்சில் லெமுவேல் கிராஸ்பியின் வழக்கு வந்தது. லெமுவேல் பீப்பாய் செய்கிறவன். முந்தைய ஆண்டு பிப்ரவரியில் மனைவி கெசியாவையும் நான்கு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஹார்லோவுக்கு வந்தான். இலையுதிர் காலத்தில் மரம் செதுக்கும் வாய்ச்சி அவனுடைய இடது கையைப் பதம் பார்த்துவிட்டது. வெளியூர் ஏழைகள் குடியேறினால் ஓராண்டுக்குள் 'ஊரைவிட்டுப் போ' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அவர்கள் வயிற்றுப்பாடு ஊரின் பொறுப்பு. கான்ஸ்டபிள் ஒபதியா ஸ்டோரர் ஜனவரியிலேயே காகிதம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அது செல்லும் என்றால் ஆறு பேரும் பனிச்சேற்றில் கிளம்ப வேண்டியதுதான்.

விடுதிக் கூடத்தில் நீதிமன்றம் கூடியது.

"கையில கொடுத்தீங்களா, ஒபதியா?"

"வீட்டுல குழந்தைங்களுக்குத் தொண்டைக் காய்ச்சல், ஐயா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. ரோட்டுலயே நின்னு சத்தமா படிச்சேன். படிச்சுட்டு, அங்க இருந்த மேப்பிள் மரத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டு வந்துட்டேன்."

"காத்து இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா!" என்றாள் கெசியா. "எங்க புகைபோக்கில பாதி அன்னைக்குத்தான் பேந்து விழுந்துச்சு."

"ஆணியப் பார்த்தேங்க" என்றான் லெமுவேல். "காகிதத்தப் பார்க்கல."

அசாஹேல் பாதி சீவிய ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்தான். நீதிமன்றமே அவன் பின்னால் அரை மைல் சேற்றில் நடந்தது. மேப்பிள் மரத்திலிருந்து கிராஸ்பி வீட்டுக் கதவு வரை தப்படி வைத்து அளந்தான். நாற்பத்திரண்டு. நானும் தனியாக எண்ணினேன், நாற்பத்திரண்டேதான். ஒபதியாவை மரத்தடியில் நிறுத்தி, அன்று படித்ததைப் படிக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாட்சிக்கு என்னையும் உள்ளே அழைத்துக்கொண்டான். காற்றின் இரைச்சலோடு ஏதோ ஒரு குரல் கேட்டது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. இதை நான் ஆணையிட்டும் சொல்வேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவைத் திறந்தான். "ஆரம்பிக்கலாமே, ஒபதியா."

"முடிச்சுட்டேங்க!" என்றார் ஒபதியா, முகமெல்லாம் சிவந்து.

சிரிப்பு அடங்கியதும் அசாஹேல் தீர்ப்பைச் சொன்னான். "கையில கொடுக்கணும், இல்லேன்னா குடியிருக்கற வீட்டுல விட்டுட்டு வரணும். சட்டம் அவ்வளவுதான். மேப்பிள் மரத்துல யாரும் குடியிருக்கல. கிராஸ்பி குடும்பம் இங்கயே இருக்கலாம்."

ஊர் நிர்வாகி எஸ்ரா டன்ஹமுக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டதே நீங்கதான, கவர்னரே? இப்ப ஆறு வயித்த எங்க தலையில கட்டுறீங்களே!"

"போடறதுக்கு முன்னாடி படிச்சேன், எஸ்ரா. தப்பு அதுதான்."

"செப்டம்பர் தேர்தலுக்கு ஓட்டு கேட்டு வருவீங்கல்ல, அப்பப் பார்த்துக்கறோம்."

"வருவேன். கதவு வரைக்கும் வந்து கேப்பேன்."

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் ஊர் தன் பதிலைச் சொன்னது. எங்கள் ஆலயத்தில் அந்தஸ்துப்படி இடம். முன் வரிசையில், கதவு வைத்த பெஞ்சு அடைப்பு எங்களுடையது; புதியவர்களுக்குக் கடைசி பெஞ்சு. அன்று கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் மேலங்கிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒருவரும் நகரவில்லை. கிராஸ்பி குடும்பம் வாசலருகே நின்றது. போதகர் சங்கீதத்தைத் தொடங்கிவிட்டார்.

அசாஹேல் எழுந்து எங்கள் அடைப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். கீல் கிறீச்சிட்டது, ஆலயம் முழுக்கத் திரும்பியது. அவர்கள் முன்னால் வந்து சேரும்வரை அவன் உட்காரவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளு."

தள்ளினேன். கெசியா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் செருப்பிலிருந்து பனிநீர் சொட்டியது. என் காலடியில், வீட்டிலிருந்து நான் தணல் நிரப்பிக் கொண்டுவந்த தகரக் கணப்புப் பெட்டி இருந்தது. அசாஹேல் சங்கீதப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, காலை நீட்டி, அதை அவள் பாதங்கள் வரைக்கும் நகர்த்திவிட்டான்.