பின்னேரப் பள்ளியைப் பற்றி ஓர் ஆய்வு

கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் எங்கள் பள்ளிக்கூட அதிபர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். இடைவேளை நேரம். வெளியே பிள்ளைகளின் சத்தம். களப்புக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து அமர்ந்தார். எதைப் பற்றி என்று கேட்டார். போர்க்காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த பின்னேரப் பள்ளியைப் பற்றி என்றேன். வாழ்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"இத ஆரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்த?" என்றார்.

யாரும் சொல்லித்தரவில்லை. நானே அந்தப் பின்னேரப் பள்ளியில் படித்தவள். ஆயுத இயக்கம் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் சிறுமி. வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன பிறகு, அதே வகுப்பறைகளில் எங்களுக்குப் பாடம் நடந்தது. நாங்கள் உள்ளே போகும்போது உட்காரும் வாங்குகளும் மேசைகளும் சுவரோரம் கால் மேலாக அடுக்கப்பட்டிருக்கும். நாங்கள் சீமெந்துத் தரையில் இருந்து எழுதினோம். கூட்டிப் பெருக்குவதற்காகத்தான் அப்படி அடுக்குகிறார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். போர் முடிந்து, அதே பள்ளிக்கூடத்துக்கு நான் ஆசிரியையாக வந்து, முதுகல்விமாணிப் பட்டமும் எடுத்த பிறகுதான், கூட்டிப் பெருக்கியதை ஒரு நாளும் கண்டதில்லையே என்று உறைத்தது. என் ஆய்வு அந்த இடத்திலிருந்து தொடங்கியது.

அதிபரை எல்லோரும் மேடம் என்போம். ஊர்க்காரர், எத்தாளைப் பக்கம். கண்டிப்பானவர், கெட்டிக்காரர், பள்ளிக்கூடத்தை நிமிர்த்தியவர். அதுவரை என்னிடம் பிரியமாகவே இருந்தார். அன்றைக்குப் பிறகு எல்லாம் மாறியது. நான் பாடம் நடத்தும்போது சொல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கொழும்புக்குப் போய் மேற்பார்வையாளரைச் சந்திக்க நான் நினைத்திருந்த நாட்களிலெல்லாம் நேரசூசியில் எனக்குப் புதிய பாடங்கள் முளைத்தன. கற்கை விடுமுறைக்கு அவருடைய சிபாரிசு வேண்டும். கேட்கும்போதெல்லாம் "பாப்பம் டீச்சர்" என்றார். ஆசிரியர் கலாசாலையோடு படிப்பை நிறுத்தியவர், தன் கீழ் வேலை செய்கிறவள் கலாநிதியாவதைப் பொறுக்கமாட்டாமல் இருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

பின்னேரப் பள்ளியில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேர் ஓய்வுபெற்று மதுரங்குளியில் இருந்தார். நேர்காணலுக்கு மகிழ்ச்சியோடு சம்மதித்திருந்தவர், நான் போய் வாசலில் நின்றபோது சங்கடப்பட்டார். "அதெல்லாம் ஞாபகமில்ல மகள். வயசு போச்சி" என்றார். தேத்தண்ணி தந்தார். விடைபெறும்போது, "மேடம் கோல் எடுத்த" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதிபர் எனக்கு முன்னே தொலைபேசியில் அவரோடு பேசியிருந்தார். அப்போது எனக்கு விளங்கியது, இது பொறாமையல்ல, பயம். பயப்படுகிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நேரே அதிபரின் வீட்டுக்குப் போனேன். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் குழாயைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க எழுதப்போற கதையில நான் எங்க வாறன், டீச்சர்?"

"நீங்க சொன்னாத்தானே மேடம் எனக்குத் தெரியும்."

குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பினார். "அந்த வாங்குகள அடுக்கச் சொன்னது நான்தான்" என்றார். "வேலைக்கு வந்த புதுசு. ஊர்ப் புள்ளைகள்ட உம்மாமார் வந்து, அகதிப் புள்ளைகளுக்குச் சொறி, எங்கட புள்ளைகளுக்கும் ஒட்டும் எண்டு சண்டை புடிச்சாங்க. அப்ப இருந்த அதிபர் வாய் தொறக்கல்ல. அடுக்கி வெச்சாச் சரிதானே எண்டு நான் சொன்னன். எல்லாரும் சந்தோசமாப் போனாங்க."

அவர் தொடர்ந்தார். "அந்த நேரம் எங்கட ஊட்டுல அகதிக் குடும்பங்கள் இருந்த. எங்கட உம்மா பெரிய சட்டியில சோறாக்கின. நான்தான் அள்ளிப் போட்டன். நீங்க எழுதுங்க. ஆனா சோத்தையும் எழுதுங்க."

முதற் பாதியோடு நிறுத்தியிருந்தால் அவரை முழுதாக நம்பியிருப்பேன். சோற்றைச் சொன்னதும் அது பேரம் போலக் கேட்டது. திங்கட்கிழமை சிபாரிசில் கையெழுத்து விழுந்தபோது அந்த எண்ணம் இன்னும் பலத்தது. அதற்குள் மதுரங்குளி சேர் தானாகவே தொலைபேசியில் அழைத்தார். "இப்பதான் ஞாபகம் வருது மகள். பெரிய சட்டியில சோறாக்கிப் போட்டாங்க" என்றார். அக்காலத்து ஆசிரியை இன்னொருவரும் அதே பெரிய சட்டியைச் சொன்னார். எனக்கு முன்னே அதிபர் எல்லா வீடுகளுக்கும் போய்வந்துவிட்டார் என்று தோன்றியது. ஆய்வையே கைவிடலாமா என்றும் யோசித்தேன். மனிதர்கள் சொல்வதில் எது நினைவு, எது பாடம் என்று பிரிக்கத் தெரியாத எனக்குக் கலாநிதிப் பட்டம் எதற்கு?

கடைசியில் என் உம்மாவிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். அதிபரைப் பற்றியோ சட்டியைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாமல், கரையிறங்கிய அன்று எங்கே சாப்பிட்டோம் என்று மட்டும் கேட்டேன்.

"எத்தாளையில ஒரு ஊடு. பேரெல்லாம் ஆரு கேட்ட? பெரிய சட்டியொண்டு. ஒரு கொமருப் புள்ள அகப்பையால அள்ளிப் போட்டிச்சி. எங்கட முகத்தப் பாக்காமலே போட்டிச்சி."

"ஏன் உம்மா பாக்கல்ல?"

"வெக்கமா இருந்திருக்கும்."

"ஆருக்கு?"

உம்மா மீன் கழுவிய தண்ணீரை மாற்றினார்.

ஆகவே சோறு உண்மை. அதை எனக்கு முன்னே அதிபர் ஊரெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு போனதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே எழுதினேன். இப்போது நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் வேலையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மன்னார்ப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் காலையில் ஒன்றாகவே படிக்கிறார்கள். அவர்களில் யார் எவர் என்று எனக்கே சட்டென்று தெரிவதில்லை. அதிபர் ஓய்வுபெற்றுவிட்டார். ஆய்வேட்டின் பிரதியொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேர்காணல் தந்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை, எல்லோருக்கும் இலக்கங்கள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேர்காணல் பகுதியை வாசித்து முடிக்கும்வரை அதிபர் என்னைப் போகவிடவில்லை.

"இதுல நான் எத்தினையாம் ஆள்?"

"ஒங்கட நம்பர ஒங்களுக்குத் தெரியும்தானே மேடம்."

"சோறு போட்ட டீச்சர் ஒரு ஆள், வாங்கு அடுக்கச் சொன்ன டீச்சர் வேற ஆள் எண்டு வாசிக்கிற ஆக்கள் நெனப்பாங்களா?"

அப்படி நினைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாரா, நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறாரா என்பது முகத்தில் தெரியவில்லை.

"இல்ல மேடம். ரெண்டும் ஒரே நம்பர்தான்."

"நல்லம்" என்றார். பிறகு, என் சொல்லை நம்பாமல், ஆய்வேட்டை மறுபடியும் முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார்.