மாமாவின் ஜீப்பில் முன் சீட்டு

மாமாவின் ஜீப்பில் முன் சீட்டு என்னுடையது. காலையில் கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையத்துப் பள்ளிக்கு இறங்கும்போதும், சாயங்காலம் சவாரி ஆட்களோடு மலை ஏறும்போதும் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன்.

ஐந்தாம் வகுப்பில் அதற்கு வேட்டு வைத்தது இங்கிலீஷ் ஹோம்வொர்க். ‘ஐ முன்னால், ஈ பின்னால், சி வந்தால் மாற்றிப் போடு’ என்று டீச்சர் ஒரு ஸ்பெல்லிங் விதியைச் சொன்னார். அதற்கு அடங்காத வார்த்தைகளைத் தினம் இரண்டு கண்டுபிடித்து வரவேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நிற்கவேண்டும். மூன்று நாள் நின்றேன். நான்காம் நாள், பள்ளிக்கே போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்த அப்பா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாத்துக்கு இந்த இங்கிலீஷு? நம்மூரு பள்ளிக்கூடத்துலயே சேத்துடலாம்” என்றார்.

மாமா குனிந்து பார்த்தார். “இதுக்கா பயந்துக்கினு கீற? மாமன் பத்தாவது வரிக்கும் படிச்சவன். சாயங்காலம் சொல்றேன், வா.”

அந்தப் பத்தாவதில் இங்கிலீஷை மூன்று முறை கோட்டை விட்டதை அவர் சொல்லவில்லை.

வீடு வந்ததும் எடைக்கான ‘வெயிட்’, ‘நெய்பர்’ என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். தினம் இரண்டு. காலையில் கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார். “மலை ஏறுனாதான் மாமனுக்கு ஞாபகம் வரும்” என்பார்.

ஆனால் சாயங்காலச் சீட்டு போய்விட்டது. “பின்னாடி போய் குந்து பாப்பா” என்று என்னை மூட்டைகளுக்கு நடுவே அனுப்பிவிட்டு, நர்ஸம்மாவையோ, பேங்க்காரரையோ, காலேஜ் படிக்கும் அண்ணனையோ முன்னால் ஏற்றிக்கொள்வார். பேனா வைத்திருக்கிறவர்களைக் கண்டால் மாமா குழைகிறார் என்று எனக்கு எரிச்சல். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. முன்னால் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது இன்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்டதே இல்லை.

இப்போது திருக்கோவிலூரில் ஆபீஸ் வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போக ஷேர் ஜீப் ஏறினேன். முன்பின் தெரியாத டிரைவர், “மேடம், நீங்க முன்னாடி குந்துங்க” என்றார். இரண்டாவது வளைவு தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

“பொண்ணுக்கு ஒரு டவுட்டுங்க. இங்கிலீஷுதான்.”

சொல்லிக்கொடுத்தேன். கரியாலூர் வரும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். மாமாவிடம் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளை நினைத்து வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால், மூட்டைகளுக்கு நடுவில், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.