கட்டைவிரல் நகம்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு நாளிதழில் கப்பல் செய்தி எழுதுவது என் வேலை. காலையில் துறைமுக அலுவலகத்துக்குப் போய், எந்தக் கப்பல் வந்தது, எது புறப்படுகிறது, எதில் என்ன சரக்கு ஏறுகிறது என்று குறித்து வந்து ஒரு பத்தியில் அடுக்க வேண்டும். தோல், நிலக்கடலை, மைக்கா. மைக்கா என்பது நாம் காக்காப்பொன் என்று சொல்வதுதான். நெல்லூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் வந்து, இங்கே மெல்லிய தகடுகளாகப் பிரிக்கப்பட்டு, மரப்பெட்டிகளில் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போகும். ரேடியோவுக்குள் வைப்பார்கள், இஸ்திரிப்பெட்டிக்குள் வைப்பார்கள். யார் பிரிக்கிறார்கள் என்று இரண்டு வருஷம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ராயபுரத்தில் என் வாடகை அறைக்கு எதிர் வீட்டில் ஒரு பெண் இரண்டு மகள்களோடு இருந்தாள். துறைமுகத்தில் கரிக்கூடை சுமப்பவள். புருஷன் பளு விழுந்து செத்துப்போனவன். பெரிய மகளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. பெரியவள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது தலைமயிர், இமை, பாவாடை எல்லாம் மினுமினுக்கும். சந்துப் பையன்கள் அவளுக்கு ஜிகினா என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னா ஜிகினா, டிராமாவுக்கா போய்ட்டு வர்ற?" என்பான் ஒருவன். "உங்க ஆயாவ ராணி வேசத்துக்கு இட்டுனு வரச் சொன்னாங்கடா" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு, வாசலில் நின்று இருமுவாள்.

அவளுடைய வலது கட்டைவிரல் நகம் அரை அங்குலத்துக்குக் குறையாமல் வளர்ந்திருந்தது. மருதாணியால் சிவந்திருந்தது. மற்ற விரல்களில் மருதாணி இல்லை. அழகுக்கு இல்லையென்று பார்த்தவுடனே தெரிந்தது. விசாரித்தேன். மருதாணி போட்டால் நகம் கெட்டிப்படும் என்றாள். கெட்டியான நகம் இருந்தால்தான் மைக்காக் கிடங்கில் வேலை.

மறுநாள் கிடங்குக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பின்னால், தகரக் கூரை. வெயில் இறங்கும் இடமெல்லாம் தூள் மின்னிக்கொண்டு மிதந்தது. வரிசையாகச் சிறுமிகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டியின் ஓரத்தில் நகத்தைச் செருகி, ஏடு ஏடாக உரித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு குழந்தையின் கையை மேஸ்திரி தூக்கி, கட்டைவிரல் நகத்தை வளைத்துப் பார்த்தார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. வளையவில்லை, எடுத்துக்கொண்டார். சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பதினாலு வயதுக்குக் குறைந்தவர்களை ஆலையில் வைக்கக் கூடாது, உண்மைதான், ஆனால் இது ஆலையே அல்ல என்றார். கிடங்கு என்று பதிந்திருந்தார்கள். கிடங்கில் சரக்கு உண்டு, தொழிலாளி கிடையாது.

எழுதினேன். நகம், மருதாணி, இருமல், கிடங்கு என்ற பெயரில் நடக்கும் மோசடி, ஒன்றையும் விடவில்லை. ஆசிரியர் படித்துவிட்டு, டாலர் கொண்டுவரும் சரக்கின் மேல் இப்போது கை வைக்க வேண்டாம் என்றார். மறுநாள் பத்திரிகையில் என் கட்டுரையிலிருந்து எட்டு வரிகள் மிஞ்சியிருந்தன. சென்னைச் சிறுமிகளின் விரல் நயத்தை அயல்நாட்டு வியாபாரிகள் வியக்கிறார்கள் என்று அவை கூறின. அப்படி ஒரு வரி நான் எழுதவில்லை. அதை எழுதியவன் எனக்குப் பக்கத்து மேஜை. அவனோடு அன்று டீ குடிக்கப் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எழுத்தில் முடியாததைக் கையால் செய்யலாம் என்று நினைத்தேன். பெரியவளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தேன். நண்பகல் வரை பள்ளி, பிறகு கிடங்கு என்று ஏற்பாடு. தாய் அரை மனசோடு சம்மதித்தாள். அரை நாளாவது வருகிறாளே என்று மேஸ்திரியும் விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் அந்தப் பெண் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு, என் அறைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளியில் நகம் பார்த்தார்கள். எல்லாப் பள்ளியிலும் பார்ப்பதுதான். ஆசிரியை நல்ல பெண்மணி. குழந்தைகளுக்குத் தன் காசில் எண்ணெய் வாங்கித் தலை வாரிவிடுகிறவர். அந்த நகத்தைப் பார்த்து அருவருத்து, கத்தரிக்கோலை எடுத்தார். "வோணாம் டீச்சர்" என்று இவள் கையை இழுத்திருக்கிறாள். அவர் பிடித்து, ஒட்ட வெட்டிவிட்டார். சுத்தத்தைப் பற்றி வகுப்புக்கு நாலு வார்த்தையும் சொன்னாராம்.

நண்பகலில் கிடங்கு வாசலில் மேஸ்திரி விரலைப் பார்த்தார், வீட்டுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் தாய் என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் கரி அப்படியே இருந்தது.

"நகம் வளர மூணு மாசம் ஆவும். அது வரிக்கும் நான் ஒருத்தி தூக்கிப் போட்ற கரில மூணு வவுறு ரொம்புமா? சொல்லு சார். உன் பேப்பர்ல இதெல்லாம் எய்த மாட்டாங்களா?"

மேஸ்திரியிடம் ஓடினேன். கத்தி கொடுத்து வேலை வாங்கக் கூடாதா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கத்தி பட்டா கோடு வுயும் சார். ஒரு தகட்டுல கோடு இருந்தா லண்டன்காரன் பொட்டியோட திருப்பி அனுப்பிச்சுடுவான். பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறானாம்."

தகட்டில் மயிரிழைக் கோடு இருக்கக் கூடாது என்று ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து எழுத்து மூலம் விதி விதிக்கத் தெரிந்தவர்களுக்கு, அதை உரித்த கைக்கு என்ன வயது என்று ஒரு வரி கேட்கத் தெரியவில்லை. தெரியாமல் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவனுக்குத் தகட்டின் ஓரத்தில் இருக்கும் மருதாணிக் கறை தெரியாதா? கறையைத் துடைத்துவிட்டு அனுப்பச் சொல்லி அவர்கள் கடிதம் எழுதியிருந்ததை மேஸ்திரியே எனக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் தாய் சின்னவளைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கே போகாத அந்த ஆறு வயதுக் கட்டைவிரலில் நகம் வெட்டப்படாமல் வளர்ந்திருந்தது, மருதாணி ஈரம் காயவில்லை. பெரியவள் சிலேட்டோடு பள்ளிக்குப் போனாள். இதுதான் நான் செய்துவைத்த ஏற்பாட்டின் பலன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் என் அறைக்கு வந்தாள். ராத்திரி முழுக்கத் தங்கச்சி இருமுகிறாள் என்றாள். பிறகு ஒரு காகிதத்தை நீட்டி, டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னாள்.

"இனிமே என் நகத்த வெட்ட வோணாம்னு எய்து சார். அது வளந்துச்சின்னா நான் போறேன், பாப்பா வூட்ல இருக்கும்."

படிப்பு என்னாகும் என்று கேட்டேன். பேர் எழுத வந்துவிட்டதே என்றாள்.

எழுதினேன். மரியாதையான, பிழையில்லாத கடிதம். இந்தச் சிறுமியின் வலது கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் விட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டேன். ஆசிரியை அதைப் படித்துவிட்டு என்னை வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவளுடைய அந்த ஒரு விரலை மட்டும் பார்க்காமல் விட்டுவந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பெரியவள் பள்ளியை விட்டாள். தாயோடு நானும் கூடவே கிடங்குக்குப் போனேன். மேஸ்திரி அவள் நகத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். சின்னவளை அனுப்பிவிடுங்கள் என்றேன்.

"எதுக்கு சார்? அதுக்கு இப்பதான் கை வந்துகீது" என்றார்.

தாயைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த பெரிய கட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.