கடைசிப் படகுக்கு வராதவர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது ஜெபீனாவின் டிராவல்ஸ். கீழே உள்ள கடை அவள் கணவர் அப்சலுடையது. மாடியில் ஜெபீனா பேசுவது கீழே செருப்பு வாங்க வந்தவர்களுக்கு நன்றாகக் கேட்கும். யாரோ சண்டை போடுகிறார்கள் என்று புதியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "டிக்கெட் போட்டுக்கினு இருக்காங்க, வேற ஒன்னுமில்ல" என்பார் அப்சல்.

அவள் பி.காம். முடித்ததும் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, பிறருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து இந்தத் தொழிலுக்குள் வந்தவள். பிறகு சொந்தமாக அலுவலகம் போட்டு, உம்ரா புனிதப் பயணத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகத் தொடங்கினாள். ஜித்தா விமான நிலையத்தில் தன் பெட்டியை விட்டுவிட்டு அடுத்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களையும், லிஃப்டுக்குள் போய் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நின்றவர்களையும் பார்த்துப் பார்த்து அவள் குரல் உயர்ந்துவிட்டது. வெளிநாட்டுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும், சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்பது அவள் முடிவு. நாற்பத்து நான்கு வயதில் அதை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் அவளுக்குத் தென்படவில்லை.

ஒரு வருஷம் மக்காச்சோளத்தில் படைப்புழு அதிகமாகி, பூச்சிமருந்து நன்றாக விற்றது. அதிகம் விற்ற கடைக்காரர்களை மனைவியோடு சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக் காட்டுவதாக ஒரு மருந்துக் கம்பெனி அறிவித்தது. கம்பெனியின் ஏரியா மேனேஜர் சிவசங்கர் அந்தப் பொறுப்பை ஜெபீனாவிடம் கொடுத்துவிட்டு, தானும் கூட வருவதாகச் சொன்னார். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்துக் கடைக்காரர்களாக ஒரு பஸ் நிறைய ஆள். ஜெபீனாவுக்கும் அதுதான் முதல் கப்பல் பயணம். அதனால் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டு, கிளம்புவதற்கு முன் எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டினாள்.

கப்பல் கார்டைக் கழுத்திலேயே மாட்டியிருக்க வேண்டும், அதைக் காட்டாமல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது என்றாள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்கினால் பிடித்துக்கொள்வார்கள் என்றாள். நடுக்கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் வைக்காவிட்டால் பில் எங்கேயோ போய்விடும் என்றாள். புக்கெட்டில் ஆட்டோ மாதிரி ஒன்று வரும், ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிட வேண்டும். கடலில் ஓட்ட ஸ்கூட்டர் கொடுப்பார்கள், அதைத் தொடவே கூடாது, திரும்பக் கொடுக்கும்போது கீறல் இருக்கிறது என்று தகராறு செய்வார்கள். சிங்கப்பூருக்குள் வாய்ப்புகையிலையும் கசகசாவும் கொண்டுபோகக் கூடாது. இதைச் சொன்னபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பிறகு சென்னை விமான நிலையத்தில் அந்தச் சிலருடைய பைகளிலிருந்துதான் அவள் புகையிலைப் பொட்டலங்களைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரத்தைப் பற்றித்தான் அவள் தொண்டை வறளப் பேசினாள். புக்கெட் கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும். ஆனால் கரையில் இறங்கியதும் போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும்.

"போனப் பாத்து சாவகாசமா வந்தீங்கன்னா கப்பல் போயிருக்கும். நம்மூரு டவுன் பஸ்ஸு மாதிரி கை காட்டுனா நிக்காது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாராயணசாமி, கப்பலில் ஆட்டுக்கறி தினமும் உண்டா என்று கேட்டார். சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். நிலமும் உண்டு. பேச்சை யார் தொடங்கினாலும் அவர்தான் முடிப்பார். அவர் மனைவி கண்ணகி, கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம் பிறந்தவர். அறுபதை நெருங்கிய வயது, ஒடிசலான உடம்பு. கூட்டம் முடிந்த பிறகு அந்த அம்மா மெதுவாக வந்து, கப்பல் ஆடுமா என்று மட்டும் கேட்டார். பெரிய கப்பல், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, ஜெபீனா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கப்பலில் ஏறிய முதல் நாளே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எந்த மாடி என்று தெரியாமல் சுற்றியவர்கள், கார்டை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றவர்கள், இந்தக் குழம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் சூடாகச் சாப்பிட்டது ஒரு வேளைகூட இல்லை.

மறுநாள் காலை கண்ணகி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவளைத் தேடி வந்தார். இரவெல்லாம் வாந்தி. ஜெபீனா மாத்திரை கொடுத்து, கப்பலின் நடுப்பகுதியில் உட்காருங்கள், தூரத்தில் தெரியும் கடல் விளிம்பையே பாருங்கள், பச்சை ஆப்பிள் சாப்பிடுங்கள் என்றாள். எல்லாம் சரியான யோசனைகள். பின்னாலேயே வந்த நாராயணசாமி, அவள் கிடக்கிறாள் விடுங்கள் என்றார். கண்ணகி தன் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு வெள்ளிமலைக்குப் போகும்போது, மலைப் பாதை முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவராம், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லையாம். நடனம் பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டதற்கு இப்படி நடிக்கிறாராம். ஜெபீனாவுக்கு அது பாதி நம்பும்படியாகவே இருந்தது. அவளுக்குக் கப்பல் ஆடுவதே தெரியவில்லை.

புக்கெட்டுக்குப் போய்ச் சேரும் காலையில் கண்ணகி மறுபடியும் வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் இங்கியே எறங்கிக்கறேம்மா."

"அக்கா, இது இன்னா சின்னசேலம் ஸ்டேஷனா, எறங்கி வேற வண்டி புடிக்க? நாளன்னிக்குக் காலைல சிங்கப்பூரு. பல்லக் கடிச்சிக்கினு இருங்க."

ஜெபீனா இன்னொரு மாத்திரை கொடுத்தாள்.

புக்கெட்டில் கப்பல் கரையை ஒட்டி வராது. கடலில் நின்றுகொண்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப ஏற்றிவரும். கடைசிப் படகு கப்பல் நேரப்படி நாலரை மணிக்கு. பினாங்கில் நேரத்துக்கு வராதவர்களைத் தேடிப் பட்ட பாடு போதும் என்று ஜெபீனா எல்லோரையும் மூன்றரைக்கே படகுத்துறைக்கு வரச் சொல்லியிருந்தாள். ஆச்சரியமாக, பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். யானை போட்ட சட்டைகளும் மாம்பழ மிட்டாயுமாக முதல் படகுகளில் ஏறிப் போனார்கள். நாராயணசாமியும் போய்விட்டார். மனைவி எங்கே என்று கேட்டதற்கு, சின்னசேலத்துப் பெண்களோடு முன்னாலேயே போய்விட்டாள் என்றார்.

கடைசிப் படகுக்கு நின்றவர்களை, முன்னால் போனவர்களோடு சேர்த்து எண்ணிப் பார்த்தபோது ஒரு ஆள் குறைவதாக ஜெபீனாவுக்குச் சந்தேகம் தட்டியது. துறையில் இருந்த கப்பல் ஊழியரிடம் கேட்டாள். அவர் வயர்லெஸ்ஸில் கப்பலோடு பேசிவிட்டு, கண்ணகியின் கார்டு திரும்பி வந்ததாகப் பதிவாகவில்லை என்றார்.

ஜெபீனா மணலில் ஓடினாள். போனைப் பார்த்து ஏமாந்திருப்பார், தலை தலையாக அடித்துச் சொல்லியும் இப்படியா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினாள். கடற்கரையின் மறுமுனையில், மர நிழலில், வாடகைப் பாயில் கண்ணகி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில், உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய கொய்யாத் துண்டுகள்.

"அக்கா, மணி இன்னா தெரியுமா?"

"தெரியும்மா. கப்பல் மணி நாலே கால். இந்த ஊரு மணி மூணே கால்."

"தெரிஞ்சிக்கினேவா உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"நான் அந்தக் கப்பல்ல ஏற மாட்டேன். நீ போம்மா. நான் பஸ்ஸுல வந்துடறேன்."

ஜெபீனா கெஞ்சினாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சாப்பாடு தங்காத உடம்புதான், ஆனால் நாற்று நட்ட உடம்பு, அசையவில்லை. மொழி தெரியாத ஊர், பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்தில் இருக்கிறது, போலீஸ் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று மிரட்டினாள். பிடித்தால் தரையில்தானே உட்காரவைப்பார்கள் என்றார் கண்ணகி.

கப்பல் ஊழியர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது என்று சொல்லி, நீங்களாவது ஏறுங்கள் என்று ஜெபீனாவைக் கூப்பிட்டார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஏறிப் போயிருக்கலாம். யோசித்தும் பார்த்தாள். ஒரு ஆளை அந்நிய ஊரில் விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்ப முடியாது என்று தோன்றியது. மற்றவர்களைச் சிவசங்கர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள் நின்றுவிட்டாள். சற்று நேரத்தில் ஒரு படகு வந்து இருவருடைய பாஸ்போர்ட்டையும் கரையிலிருந்த கப்பல் கம்பெனி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போனது. கப்பல் மெல்லத் திரும்பிப் போவதைப் பார்த்து ஜெபீனா அழுதாள். எல்லாம் கோபத்தில் வந்த அழுகை.

"கொய்யா துன்னுறியா?" என்று கண்ணகி நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஏஜெண்டோடு அலைந்து பாஸ்போர்ட்டில் முத்திரைகள் வாங்கி, மறுநாள் காலை சிங்கப்பூர் விமானத்துக்கு டிக்கெட் எடுத்து, ஒரு லாட்ஜில் அறை பிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. வெறும் சோறும் தயிரும் கிடைத்தது. கண்ணகி அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்தான், விடியும்வரை புரளவில்லை. ஜெபீனா போனோடு மல்லாடினாள். இது கம்பெனிக்கே கெட்ட பெயர் என்று சிவசங்கர் கப்பலிலிருந்து எழுதியிருந்தார். நாராயணசாமியிடமிருந்தும் ஒரு செய்தி வந்திருந்தது. மனைவி எப்படி இருக்கிறாள் என்று அதில் இல்லை. பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டிருந்தார். காலையில் கண்ணகியிடம் படித்துக் காட்டினாள். அந்த அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

"இங்க இருக்குதுன்னு சொல்லு."

சிங்கப்பூரில் கப்பல் வரும்வரை ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். கண்ணகி தெம்பாக நடந்தார், தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரையின் விலையைக் கேட்டு வாயில் கை வைத்தார், மெட்ரோ ரயிலில் ஏறி இறங்கி மறுபடி ஏறலாமா என்றார். ஜெபீனா தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் நாராயணசாமி, புக்கெட்டில் படகேறியபோது போட்டிருந்த அதே யானைச் சட்டையோடு வெளியே வந்தார். நேராக ஜெபீனாவிடம் வந்து, உன்னை நம்பித்தானே அனுப்பினேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அனுப்பவில்லை, கூடவே வந்தீர்கள், கூட வந்த பெண்டாட்டி படகில் ஏறினாளா என்று திரும்பிப் பார்க்காமல் நீங்கள்தான் போனீர்கள் என்று ஜெபீனாவும் கத்தினாள். அத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் வெளியே வந்தது. கண்ணகி இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ரெண்டு நாளா கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். நீ ஆட்டம் பாக்கப் போயிட்டய்யா. இந்தப் பொண்ணு மாத்திரையக் குடுத்துட்டுப் போயிடுச்சி. எறங்கிக்கறேன்னு சொன்னேன், ரெண்டு பேரும் காதுல வாங்கல. இந்தா சாவி."

தன்னையும் அவரோடு ஒரே தட்டில் வைத்தது ஜெபீனாவுக்குச் சுருக்கென்றது. கப்பலைத் தவறவிட்டுக் கூடவே தங்கியது யார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, எல்லோரையும் ஏற்ற வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்த பிறகும் அது ஓயவில்லை. ஆளை விட்டுவிட்டு வந்த டிராவல்ஸ் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் ஆளை விடாமல் கூடவே நின்றாள் என்பதை யாரும் கேட்கிற மாதிரி இல்லை. அடுத்த வருஷப் பயணத்தைக் கம்பெனி சேலத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட அப்சல், அந்த அம்மா கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே இறங்கினார், உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றார். ஜெபீனா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

போன மாதம் கண்ணகி தன் ஊர்ப் பெண்கள் மூவரோடு மாடி ஏறி வந்தார். பழம், பூ எதுவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சிங்கப்பூரும் பினாங்கும் போக வேண்டுமாம். விமானத்தில் இறங்கிய பிறகு எல்லாம் பஸ், ரயில்தான், கப்பல் கிடையாது. நாராயணசாமி வரவில்லை, கடையைப் பார்த்துக்கொள்வார். ஜெபீனாதான் கூட வர வேண்டும்.

வேறு ஏஜெண்டைப் பாருங்கள் என்றாள் ஜெபீனா. பார்த்தாயிற்று, அவர்கள் எல்லோரும் கப்பலைத்தான் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றார் கண்ணகி. பாஸ்போர்ட் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று கேட்டதற்கு, எல்லாம் இருக்கிறது என்று நால்வரும் தலையாட்டினார்கள். வாங்கிப் பார்த்தால் ஒன்று காலாவதியாகிவிட்டது. ராதிகா என்ற பெண் பாஸ்போர்ட் என்று நினைத்து ஆதார் கார்டைக் கொண்டுவந்திருந்தாள். ஜெபீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு விண்ணப்பத்தைத் திறந்து, பெயரின் முன்னெழுத்தை எப்படி விரித்து எழுதுவது என்று ராதிகாவுக்கு மூன்று தடவை சொன்னாள்.

எழுந்து போகும்போது கண்ணகி வாசலில் நின்று, இன்னும் கோபமாக இருக்கிறாயா என்று கேட்டார்.

"ஆமாக்கா. இன்னும் மன்னிக்கல. நல்லா தெரிஞ்சிக்கினே என்னை அந்தக் கரையில ஓட வெச்சிட்டீங்க."

"சரிம்மா," என்றார் கண்ணகி. "சோளம் அறுத்த பிறகு டிக்கெட்டப் போடு."