புனிதாவின் இடப்பக்கம்

ரெம்பியா வட்டாரத்தில் பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவள் புனிதா. பிள்ளைகள் இறங்கியதும் இடப்பக்கம் கழுத்தைத் திருப்பி, திறந்த கதவு வழியே பின்சக்கரம் வரை ஒரு பார்வை பார்க்காமல் வண்டியை நகர்த்த மாட்டாள். கண்ணாடியை நம்ப மாட்டாள். குட்டிப் பிள்ளைகள் அதில் தெரியமாட்டார்கள் என்பது அவள் கட்சி.

அந்தக் கழுத்துதான் அவள் காலை வாரிவிட்டது. முதலில் வலி, பிறகு இடது கட்டைவிரல் வரை மரமரப்பு. கழுத்தெலும்புகளுக்கிடையே நரம்பு அமுங்கியிருக்கிறது என்று சொல்லி, டாக்டர் அவளைப் பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே சிகிச்சை தரும் நூர் ஹிதாயா, "என்ன வேல செய்றீங்கக்கா?" என்று கேட்டாள். வேன் என்று சொன்னால் ஓட்டாதே என்பாள். பிள்ளைகளை, அதே பள்ளிக்கு வேன் ஓட்டும் பிச்சைமுத்து தன் வேனில் அள்ளிக்கொண்டு போய்விடுவான். "வீட்லதான் மிஸ், சும்மா இருக்கேன்," என்று புனிதா வாய் கூசாமல் சொன்னாள். சும்மா இருக்கிறாளாம்! காலை ஐந்தரைக்கே வேனைக் கிளப்புகிறவள்.

ஹிதாயாவுக்கு நல்ல கை. படுக்கவைத்து, பின்தலையை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல இழுத்துப் பிடிப்பாள். கழுத்தெலும்புகளை விரலால் பதமாக நகர்த்துவாள். ஆறு வாரத்தில் வலி போனது, கட்டைவிரலுக்கு உணர்ச்சி வந்தது. இடப்பக்கம் மட்டும் பாதிக்கு மேல் திரும்பவில்லை.

"வீட்டு வேலைக்கு இது போதும்கா. இனிமே வரவேணாம்லா," என்றாள் ஹிதாயா. புனிதாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கினார்கள். புனிதா முடிந்த மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு கியரைப் போட்டாள்.

"நிறுத்து புனிதா, நிறுத்து!" காவலாளி மாயாண்டி அலறினார்.

பின்சக்கரத்தருகே முதலாம் ஆண்டுச் சிறுமி தேவமலர் குனிந்து, உருண்டுபோன தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. "பை ஆன்ட்டி!" என்று கையாட்டிவிட்டு ஓடியது.

மதியம் பிள்ளைகளை ஏற்றிவரச் சொல்லி, அவளே பிச்சைமுத்துவுக்குப் போன் போட்டாள். பிறகு நேரே ஹிதாயாவிடம் போனாள்.

"மிஸ், நா பொய் சொல்லிட்டேன். நா ஸ்கூல் வேன் ஓட்றேன்."

ஹிதாயா திட்டவில்லை. "அப்ப எவ்ளோ திரும்பணும்கா?"

"ஏழு வயசுப் புள்ள குனிஞ்சாலும் தெரியணும்."

ஹிதாயா தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் புனிதாவின் இடப்பக்கம், சற்றுப் பின்னால் தரையில் வைத்தாள். அவள் தோள்களை அசையாமல் பிடித்துக்கொண்டு, "தெரியுதா?" என்றாள்.

"தெரியல," என்ற புனிதா அப்போதுதான் அழுதாள்.

போத்தல் கண்ணில் பட ஐந்து வாரம் ஆனது. அதுவரை பிள்ளைகள் பிச்சைமுத்துவின் வேனில் போனார்கள். அவள் பயந்தபடியே பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தேவமலர் திரும்பி வந்தாள். பள்ளி வாசலில் அவள் இறங்கியதும் புனிதா கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்கிறாள். அப்புறமும் மனசு கேட்காமல், இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள்.