கோல் தலைகீழ்

சித்தப்பாவின் வேலை நிற்பது. நாலு மீட்டர் மடக்கு மரக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தூரத்தில் முக்காலி மேல் கருவியை வைத்துக்கொண்டு சர்வேயர் கோலில் உள்ள எண்ணைப் படிப்பார். தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். யாராவது சித்தியிடம் உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "நிக்கறார்" என்பாள். "நிக்கறதுக்கே சம்பளம் தர்றாங்க. படுத்தா இன்னும் கூடக் குடுப்பாங்க போல."

சர்வேயரும் அவரும் பதினொரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். நடுவில் எப்போதும் எழுபது எண்பது மீட்டர். நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்க முடியாது, அதனால் கையால்தான் பேச்சு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் நகரு. உள்ளங்கையைக் காட்டினால் அசையாமல் நில். தலைக்கு மேல் சுற்றினால் வா. இரண்டு கையையும் மேலே தூக்கி இறக்கினால் முடிந்தது, கிளம்பு. இந்தக் கடைசிச் சைகையை மட்டும் சித்தப்பா பதிலுக்குச் செய்வார். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்காது.

"வெயில் சார்."

"ஆமாண்ணே."

அதோடு சரி.

கருவி பழையது. அதன் குழாய் வழியே பார்த்தால் மரம், ஆள், கோல், எண் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதிலேயே பழகிவிட்டதால், நேரான எண்ணைக் கண்டால்தான் சர்வேயரின் கண் இடறும்.

அன்று ஒரு பாலத்துக்கு அளவெடுத்தார்கள். ஆறு ஆழத்தில் பாறைகளுக்கு நடுவே ஓடியது. மேலே எங்கோ நல்ல மழை. இரைச்சல் காதை அடைத்தது. கடைசிப் புள்ளி அக்கரையில். பழைய தொங்குபாலம் வழியாகச் சித்தப்பா ஒன்றரை மணி நேரம் சுற்றிப் போனார். அளவு முடிந்ததும் அவர் அந்தப் பக்கமே ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடித்துக்கொள்வது, சர்வேயர் இந்தப் பக்கம் ஜீப்பில் கிளம்புவது என்று பேசியிருந்தார்கள். வேலை முன்கூட்டியே முடிகிறது, ஆனால் இன்னும் நாலு நாள் ஆகும் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதாவது, நாலு நாளைக்கு அவரை யாரும் தேடப் போவதில்லை.

புள்ளியில் நின்றார். சர்வேயர் எண்ணைப் படித்துவிட்டுப் புத்தகத்தில் எழுதக் குனிந்தார். அந்த நேரத்தில் சித்தப்பாவின் கால் பாசியில் வழுக்கியது. இரண்டு பாறைகளுக்கு நடுவே கழுத்தளவு இடுக்கில் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. போனில் காலையிலிருந்தே சிக்னல் இல்லை. கத்தினார். ஆற்றுச் சத்தத்தில் அவர் காதிலேயே அது சரியாக விழவில்லை. இரண்டு கையையும் பாறைக்கு மேலே தூக்கி வீசினார்.

எதிர்க்கரையில் எறும்பளவு தெரிந்த சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் இரண்டு கையையும் தூக்கி இறக்கினார்.

முடிந்தது, கிளம்பு.

"அப்பதான்டா எனக்கு வேர்த்தது" என்றார் சித்தப்பா பிற்பாடு. "விழுந்தப்பக்கூட வேர்க்கல."

கோல் கைக்கெட்டும் தூரத்தில் பாறையில் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்து ஆட்டலாம். ஆனால் எண் சரியாகத் தெரிவதற்காகக் கோலை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டுவது அவர் தினமும் செய்வது. சிவப்புத் துணியைக் கட்டலாம். எல்லாப் புள்ளியிலும் அதைக் கட்டித்தான் வைப்பார். எதைச் செய்தாலும் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்கு, ஆள் வேலை செய்கிறார் என்றுதான் படும். சர்வேயரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கருவியைப் பெட்டியில் வைக்கும் முன் கடைசிப் புள்ளியை இன்னொரு தடவை பார்த்துவிடுவார். அந்த ஒரு தடவைக்குள் ஏதாவது தப்பாகச் செய்ய வேண்டும்.

கோலைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். கனமான அடிப்பக்கம் மேலே போனதால் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

சர்வேயர் குழாயில் கண் வைத்தார். எண்கள் நேராக நின்றன. முதலில் அவருக்கு வந்தது கோபம். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்: கோலைத் திருப்பு. சித்தப்பா திருப்பவில்லை. மறுபடி காட்டினார். கோல் இறங்கி, மறுபடி தலைகீழாகவே எழுந்தது. இறங்கி, மூன்றாம் தடவையும் அப்படியே எழுந்தது. பதினொரு வருஷத்தில் சொன்னதைச் செய்யாத ஆளில்லை அவர்.

சர்வேயர் கருவியை விட்டு விலகி முன்னால் வந்து நின்றார். கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினார்.

அசையாமல் நில்.

"லட்சம் தடவை பாத்த கைடா அது. அன்னைக்கு அதப் பாத்ததும் பொலபொலன்னு அழுதுட்டேன்."

பிறகு எதிர்க்கரை காலியானது. இனி ஒன்றரை மணி நேரம். சித்தப்பா பையைத் துழாவினார். தரையில் அடிக்கும் மரமுளைகள் இருந்தன. இரண்டை எடுத்துக் காலுக்கு இரு பக்கமும் வைத்து, தூக்குக்குண்டின் கயிற்றால் கட்டினார். கட்டும்போது யாரையெல்லாம் திட்டினார் என்பதைச் சித்தி முன்னால் சொல்ல மாட்டார். சுட்ட பாறையில் காலிப் பையை விரித்து உட்கார்ந்தார். கோலின் உறையைத் தலைக்கு மேல் விரித்து நிழல் செய்துகொண்டார். அரை பாட்டில் தண்ணீரை வாய் வாயாகக் குடித்தார். சுற்றி வருகிறவருக்கு இந்த இடுக்கு கண்ணில் படாதே என்று தோன்றியதும், சிவப்புத் துணியைக் கோல் நுனியில் கட்டி மேலே சாய்த்து நிறுத்தினார். சுத்தியலால் பாறையை மூன்று தடவை தட்டுவார், சும்மா இருப்பார், மறுபடி மூன்று.

சர்வேயர் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜீப் டிரைவர் ஆம்புலன்ஸைக் கூட்டிவரப் போயிருந்தார்.

"அண்ணே! இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். ரீடிங் சரியா வந்துச்சா?"

"ரீடிங்காம் ரீடிங். வாய மூடிட்டுத் தண்ணியக் குடிங்கண்ணே."

வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்க நினைத்தாராம். சிரிப்பு வந்து, கால் வலித்து, கேட்காமல் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சர்வேயர் அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். கடைசி வரியில், இரண்டாம் தடவை பார்த்த எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. பக்கத்தில் குறிப்புக்கான கட்டத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'கோல் தலைகீழ். போகிறேன்.' சித்தி அதை இரண்டு தடவை படித்தாள். அதுவரை அவரை 'சார்' என்றவள், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டாள்.

எட்டு மாதம் கழித்து, கால் சரியாகிச் சித்தப்பா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நானும் பார்க்கணும் என்று சித்தி பிடிவாதம் பிடித்தாள். நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஊருக்கு வெளியே திறந்த வெளி. எண்பது மீட்டர் தள்ளிச் சித்தப்பா கோலோடு நின்றார், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து. சர்வேயர் விலகி இடம் கொடுக்க, சித்தி குழாயில் கண்ணை வைத்தாள். சித்தப்பா வானத்தில் கால் ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா இவர இப்படியா தம்பி பாத்துட்டிருந்தே?"

"ஆமா அண்ணி. நேர்ல பாத்தாதான் யாரோ மாதிரி இருக்கும். பேச்சே வராது."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அவரைப் பார்த்து வீசினாள்.

சித்தப்பா பதிலுக்கு இரண்டு கையையும் தூக்கி இறக்கினார். கோலை மடித்துத் தோளில் வைத்தார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறார் இந்த மனுஷன்?"

"நீங்கதானே அண்ணி முடிஞ்சதுன்னு சொன்னீங்க."

"அய்யய்யோ. வரச் சொல்லு தம்பி, வரச் சொல்லு."

சர்வேயர் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றத் தொடங்கினார். சித்தப்பாவின் முதுகுதான் தெரிந்தது. சர்வேயர் நிறுத்தவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு, கிளம்பிய ஆள் பத்தடி போய் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருவரும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தடியில் சித்தப்பா நின்றார். திரும்பினார்.